கருங்குடை ஹவுஸ்ஃபுல்

“ஹவுஸ்ஃபுல்லுங்க ஐயா! இந்த வாரம் முழுக்க ஒரு டிக்கெட் கிடையாது” என்று சொல்லி முடித்த பிறகுதான், தான் சொன்னது என்ன என்று இயக்குநருக்கு உறைத்தது. நாக்கைக் கடித்துக்கொண்டார். கடித்து என்ன செய்வது? சொல் போய்ச் சேர்ந்தாகிவிட்டது.

அவர் அப்போது குளியலறையில், கவிழ்த்துப் போட்ட வாளியின் மேல் உட்கார்ந்திருந்தார். ‘கருங்குடை’ படம் வெளியான நாளிலிருந்து அவருடைய அலுவலகம் அதுதான். வீட்டில் தாழ்ப்பாள் ஒழுங்காக விழும் அறை அது ஒன்றே. வெளியே தலை காட்டினால், பால்காரர் முதல் பக்கத்து வீட்டுப் பல் டாக்டர் வரை எல்லாரும் துக்கம் விசாரிப்பது போலக் கழுத்தைச் சாய்த்து, “படம்... எப்படிப் போகுது?” என்று கேட்டார்கள். எப்படிப் போகிறது என்று தெரிந்துகொண்டேதான் கேட்டார்கள்.

தொலைபேசியில் மறுமுனையில் இருந்தவர் ஓவியர். ‘கருங்குடை’ என்ற படக்கதைப் புத்தகத்தை வரைந்தவர். ஆயுள் முழுக்க மருந்துக் கம்பெனிகளுக்கு நுரையீரலும் சிறுநீரகமும் வரைந்து கொடுத்துவிட்டு, ஓய்ந்த நேரத்தில் தனக்கென்று அவர் வரைந்துகொண்ட ஒரே புத்தகம் அது. பேச்சு ஒரு வார்த்தை கிடையாது. கறுப்பு மை, நடுநடுவே கொஞ்சம் மஞ்சள், அவ்வளவுதான். மழை இரவுகளில் கறுப்புக் குடையோடு அலைந்து அயோக்கியர்களைத் துவைத்துக் காயப்போடும் ஒருவனின் கதை. விற்றது கொஞ்சம்தான். வாங்கியவர்கள் மட்டும் அதைத் தலையில் வைத்துக் கொண்டாடினார்கள். புரியாத புத்தகத்துக்கு எப்போதும் அப்படி நாலு பேர் கிடைப்பார்கள். அந்த நாலு பேரில் ஒருவர் நம் இயக்குநர்.

“ஹவுஸ்ஃபுல்லா!” என்றார் ஓவியர். பிறகு போனை விலக்கிப் பிடித்துக்கொண்டு, “கேட்டியா? வாரம் முழுக்க நிறைஞ்சு போச்சாம்!” என்று யாரிடமோ கத்தினார். அந்தப் பக்கம் ஓர் அம்மாளின் குரல் ஏதோ சொன்னது.

“அதான் ஐயா, நீங்க சிரமப்பட வேண்டாம். ரெண்டு வாரம் போகட்டும், கூட்டம் குறைஞ்சதும் நானே கூட்டிட்டுப் போறேன்” என்றார் இயக்குநர். ரெண்டு வாரம் போனால் படமே இருக்காது என்பது அவர் கணக்கு.

“கூட்டம் குறைஞ்சப்புறம் வந்து நான் என்னத்தைப் பார்க்க? படத்தைக்கூட விடுங்க தம்பி. ஒரு தடவை என் கருங்குடைக்காக அத்தனை பேர் ஒண்ணா உக்காந்திருக்கிறதைப் பார்த்துட்டேன்னா போதும். சனிக்கிழமை மதியக் காட்சிக்கு வரோம். உக்கார இடம் இல்லேன்னா சுவரோரமா நின்னுக்கிறோம்.”

போன் வைக்கப்பட்டது. இயக்குநர் குழாயைத் திறந்து முகம் கழுவினார். வெட்கம் முகத்தில் இருந்தால் அல்லவா கழுவிவிடலாம்?

*

படம் பார்க்க அழகாகத்தான் இருந்தது. அதை எதிரிகூட மறுக்கவில்லை. ‘ஒவ்வொரு காட்சியையும் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டலாம், மாட்டிவிட்டு வீட்டுக்குப் போய்விடலாம்’ என்று ஒரு விமரிசகர் எழுதியிருந்தார். படம் முழுக்கக் கறுப்பு. ரத்தம் மட்டும் மஞ்சள். புத்தகத்தில் எப்படியோ அப்படியே.

அந்த ‘அப்படியே’தான் விஷயம். உரிமை கொடுக்கும்போது ஓவியர் பணத்தைப் பற்றிப் பேசவே இல்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

“தம்பி, ஒரு கட்டம்கூட மாறக் கூடாது. எதையும் சேர்க்க வேண்டாம், எதையும் எடுக்க வேண்டாம். நான் வரைஞ்ச வரிசையில அப்படியே வரணும்.”

“உயிரே போனாலும் மாறாதுங்க ஐயா.”

மாறவில்லை. கட்டத்துக்குக் கட்டம் படமாக்கினார். கதாநாயகன் நெற்றியில் கட்டுப் போட்டுக்கொண்டு வருவான். அடுத்த காட்சியில்தான் அடி வாங்குவான். தொப்பலாக நனைந்து நிற்பான்; பிறகுதான் வானம் இருட்டும். இதையெல்லாம் பார்த்து உதவி இயக்குநர்கள் தலையைச் சொறிந்தார்கள். இயக்குநர் மட்டும் மெய்சிலிர்த்தார். “மத்தவங்க கதையில காரணம் முன்னால வரும், காரியம் பின்னால வரும். இந்த மகானோட உலகத்துல காரியம்தான் முதல்” என்று ஒரு திரைப்படக் கல்லூரியில் மதியச் சாப்பாட்டு மணி அடிக்கும்வரை விளக்கினார். மாணவர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். மணி அடித்ததற்கா, விளக்கத்துக்கா என்று தெரியவில்லை.

முடிவுதான் பெரிய தகராறு. கடைசிக் காட்சியில் கருங்குடை மழையில் கம்பீரமாக நடந்து வருவான், ஒரு பெண் அவன் கையைப் பிடிப்பாள், பிறகு அவன் சாக்கடையோரம் விழுந்து கிடப்பான். படம் முடிந்தது. பிளாஸ்டிக் தண்ணீர்த் தொட்டி செய்து நாலு காசு பார்த்து, அந்தக் காசை இதில் போட்டிருந்த தயாரிப்பாளர் கையெடுத்துக் கும்பிடாத குறையாகக் கெஞ்சினார்.

“டைரக்டரே, அவனைப் பிழைக்க வெச்சுடுங்க. ஜனங்க காசு கொடுத்து வராங்க. சாக்கடையைக் காட்டி அனுப்பினா நல்லாவா இருக்கும்?”

“அது ஓவியர் வரைஞ்ச முடிவு. நான் வாக்குக் கொடுத்திருக்கேன்” என்று இயக்குநர் மறுத்துவிட்டார்.

வாக்கு பிழைத்தது. படம் பிழைக்கவில்லை. முதல் நாள் இரவு வாடகைக் காரில் வீடு திரும்பும்போது, ஆள் யார் என்று தெரியாமலே டிரைவர் பேச்சுக் கொடுத்தார்.

“கருங்குடைன்னு ஒரு படம் பார்த்தேன் சார். அந்த ஆளு முதல்ல கட்டுப் போட்டுக்கறான், அப்புறமா போய் அடி வாங்கறான். முன்ஜாக்கிரதைக்காரன் போல.”

இயக்குநர் வீடு வருவதற்கு இரண்டு தெரு முன்னாலேயே இறங்கிக்கொண்டார்.

*

“நிஜத்தைச் சொல்லிடுங்களேன்” என்றாள் மனைவி. அவள் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். எதையும் சுற்றி வளைக்க மாட்டாள்.

“என்னன்னு சொல்றது? ‘ஐயா, உங்க வாழ்நாள் உழைப்பை நான் தூக்கிட்டுப் போய்க் காலி நாற்காலிங்களுக்குப் போட்டுக் காட்டிட்டேன்’னா? அந்த மனுஷன் என்னை நம்பிக் கொடுத்தாரும்மா. எனக்கு அவர் முகத்தைப் பார்க்கவே கூசுது.”

“ஹவுஸ்ஃபுல்னு சொல்றப்போ கூசலையா?”

இயக்குநர் செருப்பை மாட்டிக்கொண்டு திரையரங்கத்துக்குப் புறப்பட்டார்.

மேலாளர் முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டார். “சார், சனிக்கிழமை மதியம் உங்க படத்தைத் தூக்கிட்டுக் குழந்தைங்க படம் போடலாம்னு இருக்கேன். நேத்து மதியக் காட்சிக்கு வந்தது ஒரே ஜோடி. அதுங்களும் படம் பார்க்க வந்ததாத் தெரியலை.”

“சனிக்கிழமை ஒரு காட்சி மட்டும் ஓட்டுங்களேன்.”

“டிக்கெட் போனா ஓட்டறேன். எனக்கென்ன உங்க மேல விரோதமா?”

டிக்கெட் போக வேண்டும், அவ்வளவுதானே? இயக்குநர் அங்கேயே வாகனம் நிறுத்துமிடத்தில் நின்றுகொண்டு, மனைவியின் கார்டு, தன் கார்டு, அவசரத்துக்கென்று ஒளித்துவைத்திருந்த மூன்றாவது கார்டு எல்லாவற்றையும் தேய்த்து, போனில் சனிக்கிழமை மதியக் காட்சியின் நாற்காலிகளை முன்வரிசை முதல் பின்வரிசை வரை வாங்கித் தீர்த்தார். திரையில் பச்சைக் கட்டங்கள் ஒவ்வொன்றாகச் சிவப்பாக மாறுவதைப் பார்க்கப் பார்க்க, தன் படம் ஓடுவது போலவே ஒரு சந்தோஷம் வந்தது. அது தன் காசு என்பது கொஞ்சம் தாமதமாகத்தான் நினைவுக்கு வந்தது.

வீட்டுக்குள் நுழைவதற்குள் தயாரிப்பாளரிடமிருந்து போன் வந்துவிட்டது. மனுஷன் அழுதுகொண்டிருந்தார்.

“டைரக்டரே! எழுந்துடுச்சு! படம் எழுந்துடுச்சு! இப்பத்தான் பார்க்கறேன், சனிக்கிழமை மதியம் ஒரு சீட் பாக்கி இல்லை! நான் உங்களை என்னென்னமோ பேசிட்டேன். மனசுல வெச்சுக்காதீங்க.”

“அது வந்து...”

“ஒண்ணும் பேசாதீங்க. பத்திரிகைக்காரங்களுக்கெல்லாம் சொல்லிட்டேன். சனிக்கிழமை இடைவேளையில அங்கேயே வெற்றிவிழா. கேக்குக்குச் சொல்லியாச்சு. குடை மாதிரியே செய்யச் சொல்லியிருக்கேன்!”

கிணறு வெட்டப் போய்ப் பூதம் புறப்பட்ட கதையாகிவிட்டது. ஒரு கிழவரை ஏமாற்ற வாங்கிய நாற்காலிகளில் இப்போது ஊரே உட்கார்ந்தாக வேண்டும். இயக்குநர் நேராகக் குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாளைப் போட்டுக்கொண்டார்.

கதவுக்கு வெளியிலிருந்து மனைவி கேட்டாள். “கார்டுல என்னங்க இவ்வளவு போயிருக்கு?”

கதவுக்கு உள்ளே குழாய் வேகமாகத் திறந்துகொண்டது.

“சரி, வெளியில வாங்க. என் தம்பியைக் கூப்பிடறேன்.”

*

மைத்துனன் ஒரு கால் சென்டரில் இரவு ஷிப்டுக்கு மேலாளர். ‘முடியாது’ என்ற சொல்லை வாடிக்கையாளரிடம் சொல்லக் கூடாது என்று பயிற்சி பெற்றுப் பெற்று, வீட்டிலும் அதை மறந்துவிட்டவன்.

“இவ்வளவுதானே மாமா? என் ஷிப்டு மொத்தத்தையும் கொண்டுவந்து இறக்கிடறேன். வெள்ளிக்கிழமை ராத்திரி டபுள் டூட்டி. காலையில ஷிப்டு முடிஞ்சு ஒரு பயிற்சி வகுப்பு இருக்கு. அது முடிஞ்சதும் வீட்டுக்கு விடாம நேரா கம்பெனி பஸ்லேயே தியேட்டருக்குக் கூட்டிட்டு வந்துடறேன். ஆளுக்கு ஒரு சாண்ட்விச், ஒரு காபி. முகத்துல சிரிப்பு என் பொறுப்பு.”

“ராத்திரி முழுக்கக் கண்ணு முழிச்சவங்கப்பா அவங்க!”

“பழகினவங்க மாமா.”

சனிக்கிழமை வந்தது. ஓவியரும் அவர் மனைவியும் முன்கூட்டியே வந்துவிட்டார்கள். ஓவியர் பழைய கோட்டு ஒன்றைத் தேய்த்துப் போட்டிருந்தார். அந்த அம்மாள் கைப்பையில் தண்ணீர் பாட்டிலும் இரண்டு மூக்குக்கண்ணாடிக் கூடுகளும் வைத்திருந்தார். வாசலில் ‘அரங்கு நிறைந்தது’ என்ற பலகையைப் பார்த்து ஓவியர் அப்படியே நின்றுவிட்டார்.

“அம்மா, அதைப் படி.”

“எனக்கும் கண்ணு தெரியுதுங்க” என்றார் அந்த அம்மாள். ஆனாலும் படித்துக் காட்டினார்.

அப்போது இரண்டு பஸ்கள் வந்து நின்றன. கழுத்தில் அடையாள அட்டையோடு இளைஞர்களும் பெண்களும் இறங்கி, ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு வரிசையாக உள்ளே போனார்கள். அதைப் பார்த்த ஓவியரின் கண் கலங்கியது.

“எல்லாம் சின்னப் பசங்க! நான் யாரோ என்னை மாதிரி கிழடுங்கதான் பார்க்கும்னு நினைச்சேன் தம்பி” என்று இயக்குநரின் கையைப் பிடித்து அழுத்தினார். அந்த நிமிஷம் இயக்குநருக்குப் பூமி பிளந்து தன்னை விழுங்கிவிட்டால் தேவலை என்றிருந்தது. பூமிக்கு வேறு வேலை இருந்தது போலும், பிளக்கவில்லை.

விளக்குகள் அணைந்தன. மெத்தை நாற்காலி, குளிர்ந்த காற்று, திரையிலும் கும்மிருட்டு, காதுக்கு இதமான மழைச் சத்தம், ஒரு வார்த்தை பேச்சு இல்லை. இரண்டு ஷிப்டு பார்த்துவிட்டு வந்தவனுக்கு இதைவிடப் பெரிய தாலாட்டு எது? கருங்குடை முதல் தடவை கட்டுப் போட்டுக்கொண்டு வருவதற்குள் பின்வரிசையில் ஒரு குறட்டை புறப்பட்டது. அதற்கு நடுவரிசையிலிருந்து ஒன்று பதில் கொடுத்தது. அவன் அடி வாங்கும்போது அரங்கமே ஏகோபித்துத் தூங்கிக்கொண்டிருந்தது.

இயக்குநர் ஓரக்கண்ணால் ஓவியரைப் பார்த்தார். ஓவியர் கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், மாட்டினார். மறுபடி கழற்றினார். மனைவியின் காதில் ஏதோ கேட்டார். அந்த அம்மாளும் ஏதோ சொன்னார். இரண்டு பேரும் திரையையே குழப்பத்தோடு பார்த்தார்கள். ‘மனுஷன் அழுகிறார்’ என்று இயக்குநர் முடிவுகட்டினார்.

“உன் தம்பியை எழுப்பு. அவன் ஆளுங்களை எழுப்பட்டும்” என்று மனைவியிடம் கிசுகிசுத்தார்.

“எங்க எழுப்பறது? முதல் குறட்டையே அவன்தான்.”

பொறுக்க முடியாமல் மனைவியே ஒரு நல்ல காட்சி பார்த்துப் பலமாகக் கைதட்டினாள். அந்தச் சத்தத்தில் பக்கத்திலிருந்த பெண் துள்ளி எழுந்து, கண்ணைத் திறக்காமலே, “வணக்கம், உங்களுக்கு நான் எப்படி உதவட்டும்?” என்றாள். பதில் வராததால், “சற்றுக் காத்திருங்கள்” என்று சொல்லிவிட்டு மறுபடி சாய்ந்துகொண்டாள்.

இயக்குநர் குனிந்தபடியே வெளியே ஓடினார். ஆபரேட்டர் அறைக்கு மூச்சிரைக்க ஏறி, “சத்தத்தைக் கூட்டுங்க, எவ்வளவு கூட்ட முடியுமோ கூட்டுங்க!” என்றார்.

“இடி வருது சார் இப்ப.”

“வரட்டும்!”

வந்தது. நாற்காலிகள் குலுங்கின. அத்தனை பேரும் ஒரே நேரத்தில் அலறிக்கொண்டு எழுந்தார்கள். பாதிப் பேர் காதில் மாட்டும் கருவியைத் தேடினார்கள். ஒருவன், “சிஸ்டம் டவுன்! சிஸ்டம் டவுன்!” என்று கத்திக்கொண்டே கதவைப் பார்த்து ஓடினான். சாண்ட்விச் டப்பாக்கள் உருண்டன. திரையரங்க மேலாளர் பயந்துபோய் விளக்கைப் போட்டுவிட்டார்; இயக்குநர் படியிறங்கி அரங்குக்குள் ஓடிவந்தார்.

அந்த வெளிச்சத்தில்தான் கதவைத் திறந்துகொண்டு தயாரிப்பாளர் உள்ளே வந்தார். அவருக்குப் பின்னால் குடை வடிவத்தில் ஒரு கறுப்பு கேக்கு. அதற்குப் பின்னால் கேமராக்கள்.

“பார்த்தீங்களா வரவேற்பை!” என்றார் தயாரிப்பாளர், எழுந்து நின்று அலறும் கூட்டத்தைக் காட்டி.

ஒரு நிருபர் பெண், கையில் கிடைத்த இளைஞனிடம் மைக்கை நீட்டினாள். “படம் எப்படி இருக்கு?”

அவன் கண்ணைக் கசக்கிக்கொண்டு சுற்றிலும் பார்த்தான். கேமரா முன்னால் பொய் சொல்லத் தெரியாத பிள்ளை.

“மேடம், இது ஓவர்டைம்ல சேருமான்னு எங்க மேனேஜர் இன்னும் சொல்லலை.”

மைக் அடுத்தவனிடம் போனது. “உங்களை யார் கூட்டிட்டு வந்தது?”

“எங்க மேனேஜர். அவரோட மாமா படமாம். பாவம், யாருமே வரலையாம்.”

தயாரிப்பாளர் மெதுவாகத் திரும்பி இயக்குநரைப் பார்த்தார். இயக்குநர் தன் செருப்பைப் பார்த்தார். கேமராக்கள் இரண்டு பேரையும் பார்த்தன.

“அப்ப... அந்த டிக்கெட்டெல்லாம்?”

“நான்தான் வாங்கினேன்” என்றார் இயக்குநர். அவர் குரல் அவருக்கே கேட்கவில்லை. வாழ்க்கையில் அவர் அடைந்த அவமானங்களையெல்லாம் மூட்டை கட்டிப் போட்டாலும் இதற்கு ஈடாகாது. ஏனென்றால், மூன்று நாற்காலி தள்ளி ஓவியர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார்.

தயாரிப்பாளர் திட்டவில்லை. திட்டியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். கேக்கு டப்பாவின் மூடியை எடுத்து மூடி, “வீட்டுல பேரப்பசங்க சாப்பிடும்” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். பத்திரிகைக்காரர்கள் செய்தி கிடைத்த சந்தோஷத்தில் பறந்தார்கள். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று கால் சென்டரும் காலியானது. விளக்கு மறுபடி அணைந்தபோது, அத்தனை பெரிய அரங்கத்தில் ஓவியர், அவர் மனைவி, இயக்குநர், அவர் மனைவி, இன்னும் எழுந்திராத மைத்துனன் என்று ஒரு கையில் எண்ணிவிடும்படியான கூட்டமே மிஞ்சியது.

“மீதியை ஓட்டணுமா சார்?” என்று மேலாளர் கேட்டார்.

“ஓட்டுங்க. நான் முழுசாப் பார்க்கணும்” என்றார் ஓவியர்.

இரண்டாம் பாதி முழுவதும் இயக்குநர் திரையைப் பார்க்கவில்லை. தன் படத்தைத் தானே பார்க்க முடியாமல் தலை குனிந்து உட்கார்ந்திருப்பவனுக்கு, மழைச் சத்தம் யாரோ காறித் துப்புவது போலவே கேட்டது. கடைசியில் கருங்குடை சாக்கடையோரம் விழுந்தான். திரை இருண்டது.

*

வெளியே, பாப்கார்ன் விற்கும் கவுண்டருக்கு எதிரே ஒரு நீள சோபா இருந்தது. ஓவியரும் அவர் மனைவியும் அதில் உட்கார்ந்தார்கள். இயக்குநர் உட்காரவில்லை. தண்டனைக்கு நிற்கும் பள்ளிக்கூடப் பையனைப் போல எதிரே நின்றார்.

“ஐயா, என்னை மன்னிச்சிடுங்க. ஹவுஸ்ஃபுல்னு சொன்னது பொய். பலகை பொய், பஸ் பொய், எல்லாமே பொய். உங்க கதையைக் கெடுத்துட்டோமோங்கிற வெட்கத்துல இத்தனையும் செஞ்சேன். உங்க மூஞ்சியில முழிக்க எனக்கு யோக்கியதை இல்லை.”

ஓவியர் கண்ணாடியைக் கழற்றி மனைவியிடம் கொடுத்தார். பிறகு இயக்குநரின் கையைப் பிடித்துப் பக்கத்தில் இழுத்து உட்காரவைத்தார்.

“கூட்டம் வரலேன்னா போகட்டும் தம்பி. என் புத்தகத்துக்கு மட்டும் என்ன, வரிசையில நின்னா வாங்கினாங்க? தூங்கின பசங்களும் பாவம், அலுத்துப் போய் வந்திருக்காங்க. அதெல்லாம் எனக்கு வருத்தமே இல்லை.”

“ஐயா...”

“ஒரே ஒரு சந்தேகம்தான். கேட்டாத் தப்பா எடுத்துக்க மாட்டீங்களே?”

“கேளுங்க ஐயா.”

“கருங்குடையை ஏன் கொன்னீங்க?”

இயக்குநருக்குத் தூக்கிவாரிப் போட்டது. “நான் எங்க ஐயா கொன்னேன்? நீங்கதானே கொன்னீங்க!”

“நானா?” ஓவியர் நெஞ்சில் கைவைத்துக்கொண்டார். “சாக்கடையோரம் கிடந்தவனை அந்தப் பொண்ணு கையைப் பிடிச்சுத் தூக்கிவிடுவா. அவன் எழுந்து, குடையை விரிச்சுக்கிட்டு மழையில நடந்து போவான். அதுதானே தம்பி முடிவு? அதை வரையறதுக்காகத்தான் நான் அந்தப் புத்தகத்தையே வரைஞ்சேன்.”

“இல்லைங்க ஐயா. முதல்ல நடந்து வரான், அப்புறம்தான் விழறான். உங்க கடைசிப் பக்கம் எனக்கு மனப்பாடம். தயாரிப்பாளர் அவனைப் பிழைக்க வைக்கச் சொல்லிக் கெஞ்சினாரு. உங்களுக்குக் கொடுத்த வாக்குக்காக முடியவே முடியாதுன்னுட்டேன். கட்டத்துக்குக் கட்டம் நீங்க வரைஞ்ச வரிசைதாங்க. அடிக்கு முன்னாடியே கட்டுப் போடறது, மழைக்கு முன்னாடியே நனையறது, எல்லாமே உங்க தத்துவம்!”

“என்ன தத்துவம்?” என்றார் ஓவியர் பரிதாபமாக.

“காரியம் முதல்ல, காரணம் பின்னால! நான் காலேஜ்ல பாடமே எடுத்திருக்கேன் ஐயா!”

தன் புத்தகம் தனக்கே மறந்துவிட்டதோ என்ற பயம் ஓவியர் முகத்தில் தெரிந்தது. உதவிக்கு மனைவி பக்கம் திரும்பினார். அந்த அம்மாள் இரண்டு கண்ணாடிகளையும் கூட்டில் போட்டுக் கைப்பையை மூடிக்கொண்டிருந்தார்.

“தம்பி, இவரு இடது கைக்காரரு; கை பட்டு மை கலைஞ்சிடும்னு ஒவ்வொரு வரிசையிலயும் கட்டங்களை வலது ஓரத்துல ஆரம்பிச்சு இடது பக்கமாத்தான் வரைஞ்சுட்டு வருவாரு” என்றார் அவர். “நீங்க எந்தப் பக்கத்துலேர்ந்து பார்த்தீங்க?”